இரண்டு விரல் இடைவெளி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பெண்கள் கல்லூரி ஒன்றில் பத்தொன்பது வருடமாக ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு வாய் நீளமாக இல்லாவிட்டால் வேலைக்கு ஆகாது. மெத்தையின் அந்தக் கோடியில் ஒருத்தி முழங்காலை மடக்கினால் இந்தக் கோடியிலிருந்து கத்த வேண்டும். "காலு என்ன இரவலா? நீட்டு!" என்பேன். சிரித்துக்கொண்டே நீட்டுவார்கள். அழுகிறவர்களும் உண்டு. அவர்களிடம், "அழுதுக்கிட்டே நீட்டு, நான் ஒண்ணும் சொல்லலை" என்பேன். இப்படி எடுத்ததற்கெல்லாம் வாயைத் திறக்கிற நான், திறந்தே ஆக வேண்டிய ஒரு நாளில் மூடிக்கொண்டு இருந்தேன்.

எங்கள் கூடத்தில் பாதி இறகுப்பந்துக்காரர்களுக்கு, பாதி எங்களுக்கு. நடுவில் ஒரு வலை. அவர்களுடைய பந்து வலையைத் தாண்டி எங்கள் மெத்தையில் விழும். எங்கள் பெண்கள் கையில் பூசும் வெள்ளைப் பவுடர் வலையைத் தாண்டி அவர்கள் மூக்கில் ஏறும். அந்தப் பக்கத்துப் பயிற்சியாளருக்கும் எனக்கும் இதில் வராத சண்டை இல்லை. வாலு என் அணிக்கு வந்த நாளில்கூட அவரோடு மல்லுக்கட்டிவிட்டுத்தான் திரும்பினேன். பார்த்தால் முதலாண்டுப் பெண் ஒருத்தி, கேள்வி கேட்பாரில்லாமல் எங்கள் பெண்கள் நடந்து ஆடும் பீம் கட்டை மேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்கிறாள்.

"யாரைக் கேட்டு ஏறுன? இறங்கு கீழ."

"இறங்கச் சொல்ல நீங்க இருக்கீங்க மேடம். ஏறச் சொல்லத்தான் யாருமே இல்லை. அதான் நானே ஏறிட்டேன்."

"நாளையிலேருந்து வாலை வீட்டுல கழட்டி வெச்சிட்டு வா" என்றேன். அன்றிலிருந்து அவள் வாலு. எட்டுப் பேர் கொண்ட அணியில் அவள் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாமல் போயிற்று. அலுவலகக் குமாஸ்தாகூட வாலு என்றுதான் கூப்பிடுவார்.

அவள் அம்மா தையல்காரி. பகலில் துணிப் பட்டறையில் வேலை, மாலையில் வீட்டில் சொந்த மிஷின். அப்பா பிழைப்பு தேடிப் போனவர், போனவர்தான். எங்கள் பெண்களுக்கு ஆட்ட உடையை அந்த அம்மாதான் தைத்துக் கொடுத்தாள். இழுபடுகிற துணியில் தைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. கரணம் போடும்போது தையல் விட்டால் மானம் போய்விடும். மூன்று வருடத்தில் ஒரு தையல்கூட விடவில்லை. முதல் தடவை அளவெடுக்க வந்தபோது என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், "ஒத்தப் பொண்ணு மேடம். உங்க கையில விட்டுட்டேன். தோலை உரிச்சாலும் ஏன்னு கேக்க மாட்டேன்" என்றாள். நாற்பது வயது மனுஷி, சின்னப் பிள்ளை மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

கிரிப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பியில் ஆடும் பெண்கள் கையில் மாட்டிக்கொள்கிற தோல் பட்டை அது. மேலே விரல்களுக்கு ஓட்டை, கீழே மணிக்கட்டில் வாரும் பக்கிளும். விரல்களுக்குச் சற்றுக் கீழே தோலுக்குள் பென்சில் கனத்தில் ஒரு குச்சி வைத்துத் தைத்திருக்கும். கம்பியைக் கவ்விப் பிடிக்க அது உதவும். புதிதாக வாங்கினால் தோல் விறைத்துக்கொண்டு நிற்கும். பழக மூன்று வாரம் ஆகும். பழகிவிட்டால் சொந்தக் கை மாதிரி. ஒருத்தி கிரிப் இன்னொருத்திக்குச் சேராது. ஆனால் ஆட ஆடத் தோல் நீண்டுகொண்டே போகும். நீண்டுபோன கிரிப் எமன். சுற்றுகிற வேகத்தில் தோல் மடிந்து தன்மேலேயே சிக்கிக்கொள்ளும். அப்போது கை கம்பியில் நின்றுவிடும். உடம்பு நிற்காது, அது சுற்றிக்கொண்டு போகும்.

அதனால் திங்கட்கிழமை தோறும் எல்லோரையும் கிரிப் மாட்டிக்கொண்டு வரிசையாக நிற்கச் சொல்வேன். தோலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் என் விரலை விட்டுப் பார்ப்பேன். ஒரு விரல் போனால் ஆடலாம். இரண்டு விரல் போனால் குப்பைத்தொட்டி. என் சட்டைப் பையில் அதற்கென்று ஒரு கத்தரிக்கோல் இருக்கும். அங்கேயே வெட்டிவிடுவேன். வெட்டாமல் தூக்கிப் போட்டால் எனக்குத் தெரியாமல் எடுத்து மாட்டிக்கொள்வார்கள். பழகின கிரிப்பின் மேல் அவ்வளவு ஆசை. காலைப் பிடித்துக் கெஞ்சினவர்கள் உண்டு, சாபம் விட்டவர்களும் உண்டு. பத்தொன்பது வருடத்தில் ஒருத்திக்கும் நான் விட்டுக்கொடுத்ததில்லை, ஒருத்தியைத் தவிர.

போன வருடம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் நாங்கள் இறுதிச் சுற்றுக்குப் போனோம். எனக்கு அது இரண்டாவது முறை. முதல் முறை போனபோது தலைமுடி முழுக்கக் கறுப்பாக இருந்தது. வியாழக்கிழமை போட்டி. கம்பியில் நான்கு பேர் மதிப்பெண்ணைக் கூட்டிக் கணக்கெடுப்பார்கள். எங்களிடம் கம்பியில் ஆடத் தெரிந்தவர்களே நான்கு பேர்தான். அந்தத் திங்கட்கிழமை வழக்கம்போல வரிசை. கடைசியில் வாலு.

இடது கை சரியாக இருந்தது. வலது கையில் ஒரு விரல் போயிற்று. இரண்டாவதையும் விட்டேன். அதுவும் போயிற்று, சிரமமே இல்லாமல்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் கையைப் பார்த்தேன். வலைக்கு அந்தப் பக்கம் எவளோ புள்ளி எடுத்துவிட்டுக் கத்தினாள்.

"மேடம், வியாழக்கிழமை வரைக்கும்தானே?" என்றாள் மெதுவாக. புதுசு மாட்டினால் மூன்று நாளில் ஆட முடியாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இவள் ஆடாவிட்டால் நான்கு மூன்றாகிவிடும். பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

"வாரை இறுக்கிக் கட்டிக்கோ. வெள்ளிக்கிழமை வெட்டிடலாம்" என்றேன்.

நான்தான் சொன்னேன். அவள் கெஞ்சவில்லை, ஒரு கேள்விதான் கேட்டாள். இருபது வயதுப் பெண் கேட்கத்தான் செய்வாள். மாட்டேன் என்று சொல்வதற்குத்தான் என்னை அங்கே வைத்திருக்கிறார்கள்.

வியாழக்கிழமை நடந்ததை அதிகம் சொல்ல முடியாது. என்னால் ஆகாது. மேல்கம்பியில் மூன்றாவது முழுச்சுற்று. முதல் இரண்டும் அவ்வளவு அழகாக வந்தன, நான் கீழே நின்றுகொண்டு மனசுக்குள் கைதட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவதில் உடம்பு கீழே வந்துவிட்டது, வலது கை மேலேயே நின்றுவிட்டது. ஓடிப்போய் இடுப்பைத் தூக்கிப் பிடித்தேன். தோல் கம்பியை விடவே இல்லை. எட்டி வாரை அவிழ்க்க எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. அவள் அழவில்லை. என் தோளில் தலையைப் போட்டுக்கொண்டு, "நாலு மூணாயிடுச்சா மேடம்?" என்றாள்.

இரண்டு அறுவைச் சிகிச்சை. முன்னங்கையில் இரண்டு தகடு. எலும்பு கூடிவிட்டது, ஆனால் கை திரும்பவில்லை. உள்ளங்கையை மேல் பார்க்கத் திருப்ப முடியாது. குழாயில் தண்ணீரை இரண்டு கையிலும் ஏந்தி முகம் கழுவ முடியாது. ஒரு கையால் வாரி இறைத்துக்கொள்கிறாள்.

கை முறிந்த மூன்றாவது வாரம் விசாரணை. முதல்வர் அறையில் அவரும் விளையாட்டுத் துறைத் தலைவரும் ஒரு மருத்துவரும் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் முதல்வர் கண்ணாடியைக் கழற்றினால் யாருக்கோ வேலை போகப்போகிறது என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அன்று கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"கிரிப்பை நீங்க சோதிச்சீங்களா?" என்று என்னைக் கேட்டார்.

சொல்லத்தான் போயிருந்தேன். முந்தின நாள் முழுக்க ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். நீங்கள் நம்ப வேண்டிய அவசியம் இல்லை, சில நாள் நானே நம்புவதில்லை. நான் மூச்சை இழுப்பதற்குள் வாலு பேசிவிட்டாள். கழுத்திலிருந்து தொங்கிய கட்டுக் கையோடு எழுந்து நின்றாள்.

"மேடம் திங்கக்கிழமையே மாத்தச் சொல்லிட்டாங்க. மாத்திட்டேன்னு பொய் சொல்லிட்டு நான்தான் பழசையே போட்டுக்கிட்டேன்."

பக்கத்து நாற்காலியில் அவள் அம்மா. எழுந்தாள். எல்லோர் முன்னாலும் மகள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "அம்மா, உட்காருங்க, இது காலேஜ்" என்று முதல்வர் சத்தம் போட்டார். வாலு அசையவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

அரை நிமிடம் இருக்கும். அந்த அரை நிமிடத்துக்குள் நான் வாயைத் திறந்திருந்தால் எல்லாம் நேராகியிருக்கும். திறக்கவில்லை. முதல்வர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், அப்பாடா என்றுதான் இருந்தது.

வெளியே நடைபாதையில் அவளைப் பிடித்துக்கொண்டேன். "ஏண்டி இப்படிச் செஞ்ச?"

"உங்களை அனுப்பிட்டா அடுத்து டீமை மூடிடுவாங்க மேடம். அந்த இடத்தையும் இறகுப்பந்துக்குக் கொடுத்துடுவாங்க. மிச்சம் ஏழு பேரு எங்க போவாளுங்க? எனக்குத்தான் கை போச்சே. இனிமே போக என்ன இருக்கு?"

"உங்க அம்மாகிட்டயாவது நான் உண்மையைச் சொல்லிடறேன்."

"அம்மா வாயில விழுந்தா முதல்வர் காதுல விழுந்த மாதிரி. விடுங்க மேடம். ரெண்டு நாள் திட்டுவாங்க, மூணாம் நாள் மறந்துடுவாங்க. திட்டு வாங்கறது எனக்கென்ன புதுசா?"

அந்த ஒரு கணக்கில்தான் வாலு தப்புப் போட்டாள். அம்மா மறக்கவில்லை. மகளின் கையைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது, எரியும்போதெல்லாம் வாய் திறந்தது. மகள் டம்ளரைத் தவறவிட்டால், "மேடம் பேச்சைக் கேட்டிருந்தா இந்தக் கை இருந்திருக்கும்" என்பாள். இடது கையால் சீவின தலை கோணினால், "மேடம் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே, காதுல வாங்குனியாடி?" என்பாள். நான் அந்த வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே சொல்வாள். வாலு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள். முதலில் சிமிட்டினாள். அப்புறம் அதுவும் நின்றுபோயிற்று.

இறுதித் தேர்வை இடது கையால் எழுதி முடித்தாள். முடித்த கையோடு வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டாள். ஒரு பார்சல் கம்பெனியில் பெட்டிகளின் மேல் இருக்கும் சீட்டை மிஷினில் காட்டிப் பதிவு செய்கிற வேலை, ஒரு கை போதும். போன பிறகு அம்மா போன் செய்தால் எடுப்பதில்லை. என் போனை எடுப்பாள். இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் பேசுவேன். "எவ எவ எப்படி ஆடறா, வரிசையா சொல்லுங்க மேடம்" என்பாள். ஒவ்வொருத்தியாகச் சொல்வேன். கேட்டுக்கொண்டே வருவாள், நடுவில் திருத்தம்கூடச் சொல்வாள். பேசி முடித்துவிட்டு நான் அவள் அம்மா வீட்டுக்குப் போவேன். போனதும் அந்த அம்மா எனக்கு முக்காலியை இழுத்துப் போட்டு, மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்வாள்.

"சாப்பிடறாளாமா? இளைச்சிட்டாளாமா?"

"நல்லாதான் இருக்கா."

"பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க. ஒரே ஒரு தடவை என் போனை எடுக்கச் சொல்லுங்க மேடம். நீங்க சொன்னா கேப்பா."

நான் சொல்லாமல் இல்லை. அதற்கு வாலு சொன்ன பதில் இதுதான்: "எடுத்தா திட்டுவாங்க மேடம். இனிமே திட்டுனா என்னால தாங்க முடியாது, உண்மையைச் சொல்லிடுவேன். அதுக்குப் பேசாமலே இருந்துடறேன்."

ஆக, தாயும் மகளும் பேசாமல் இருந்ததற்குக் காரணம் நான்தான் என்று எனக்குத் தெரியும். ஏழு மாதமாகத் தெரியும். தெரிந்தும் ஞாயிறு தோறும் முக்காலியில் உட்கார்ந்து டீ குடித்தேன். வேலை போய்விடுமே என்ற பயம் ஒன்று. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிள்ளை இல்லை. தன் அம்மாவின் போனை எடுக்காத ஒரு பெண் என் போனை இரண்டாவது மணியில் எடுக்கிறாள் என்பது எனக்குப் பிடித்திருந்தது. சனிக்கிழமையிலிருந்தே காத்திருப்பேன். இப்படியே இருந்துவிட்டால் என்ன என்றுகூட நினைத்திருக்கிறேன்.

இந்தத் திங்கட்கிழமை வழக்கம்போல வரிசை. இந்த வருடம் சேர்ந்த பொடிசு ஒருத்தி, சுண்டெலி என்று கூப்பிடுவோம், கையை நீட்டினாள். இரண்டு விரல் போயிற்று. கத்தரிக்கோலை எடுத்தேன். அவளே வாரை அவிழ்த்து என் கையில் வைத்துவிட்டாள்.

"என்னடி, கெஞ்சக் காணோம்?"

"ஐயோ, ஆளை விடுங்க மேடம். வாலு அக்கா மாதிரி திமிரு பண்ணி, மேடத்தை ஏமாத்தி, கையை ஒடிச்சுக்கவா? சேர்ந்த அன்னிக்கே அந்தக் கதையைத்தானே முதல்ல சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

அவள் திரும்பி மூத்த பெண்களைக் காட்டினாள். வாலு யாருக்காகப் பொய் சொன்னாளோ அந்த ஏழு பேரில் மிச்சம் இருந்த மூன்று பேர். "நல்லதுக்குத்தான் சொன்னோம் மேடம்" என்றாள் ஒருத்தி. வாலு என்றால் இந்தக் கூடத்தில் இனி இதுதான் அர்த்தம். மேடம் சொன்னதைக் கேட்காதவள். அவளைப் பார்க்காத பெண்கள்கூட வருடா வருடம் இதைச் சொல்லிக்கொடுப்பார்கள். கிரிப்பை வெட்டாமல் கத்தரிக்கோலை மெத்தைமேல் வைத்துவிட்டு, "இன்னிக்குப் போதும், கிளம்புங்க" என்றேன். மணி நாலரைகூட ஆகவில்லை. என் அறையில் உட்கார்ந்து முதல்வருக்கு ஒரு பக்கம் எழுதினேன். காலையில் கொடுப்பதற்காக அதைப் பையில் வைத்துக்கொண்டு நேராக அந்த அம்மா வீட்டுக்குப் போனேன்.

இரண்டாம் மாடி. கதவு திறந்திருந்தது. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு பையின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பதறி எழுந்தாள்.

"என்ன மேடம், திங்கக்கிழமையில? அவளுக்கு ஒண்ணுமில்லையே?"

"அவ நல்லா இருக்கா. நான்தான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

முக்காலியை இழுத்தாள். வேண்டாம் என்று நின்றுகொண்டே சொன்னேன். திங்கட்கிழமை, இரண்டு விரல், வியாழக்கிழமை வரைக்கும்தானே என்று அவள் கேட்டது, நான் சொன்ன பதில், எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

"நீங்க பார்த்தீங்க, சரி. மாத்தச் சொன்னீங்கல்ல?"

"சொல்லலை. இறுக்கிக் கட்டிக்கிட்டு ஆடுன்னு சொன்னேன்."

"அப்போ அவ அன்னிக்கு ரூம்ல சொன்னது?"

"பொய். என் வேலை போயிடக்கூடாதுன்னு சொன்னா. டீமை மூடிடுவாங்கன்னு பயந்து சொன்னா. காலையில முதல்வர்கிட்டயும் சொல்லப் போறேன்."

மெதுவாக மறுபடியும் உட்கார்ந்தாள். தைத்துக்கொண்டிருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு அதையே நீவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டபடி ஏசுவாள் என்று தயாராக வந்திருந்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் அவளை அடிச்சப்போ நீங்க அங்கதானே இருந்தீங்க?"

"ஆமா."

"பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"ஆமா."

"கையில கட்டுப் போட்ட புள்ள மேடம். நான் ஒரு கூமுட்டை, விஷயம் தெரியாம அடிச்சேன். தெரிஞ்ச நீங்க 'அடிக்காதீங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. உண்மையைச் சொல்ல வேணாம். அந்த ஒரு வார்த்தை."

இத்தனை நாளில் நான் யோசித்து வைத்திருந்த எந்தச் சமாதானத்திலும் இந்தக் கேள்வி இருக்கவில்லை.

"பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சொல்லுவாங்க. என் வீட்டுக்குள்ளயே நடந்திருக்கு பாருங்க" என்றாள். இதுவரை தாழ்ந்திருந்த குரல் இப்போது உடைந்தது. "நான் அவளை என்னென்ன சொன்னேன்னு உங்களுக்குத் தெரியுமா? நீங்க இருந்தப்போ சொன்னது பாதிகூட இல்லை. கிளம்புறதுக்கு முந்தின நாள் பெட்டியைத் தூக்க முடியாம நின்னா. கையாலாகாதவளேன்னு சொன்னேன் மேடம். அந்தக் கையைப் பார்த்துக்கிட்டே சொன்னேன். காலால தள்ளிக்கிட்டே பெட்டியைக் கொண்டு போனா. இந்த வாயை நான் எங்க கொண்டு போய்க் கழுவுவேன்?"

நான் அழுதேன். அவள் அழுகிற இடத்தில் எனக்கு அழ உரிமை இருந்ததா என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போன் போடுங்க" என்றாள். "உங்க போன்லேருந்து போடுங்க. சத்தமா கேக்கற மாதிரி வையுங்க."

போட்டேன். முதல் மணி. இரண்டாவது மணி.

"சொல்லுங்க மேடம்! என்ன திங்கக்கிழமையே? எவளாவது விழுந்து வாரிட்டாளா?"

ஏழு மாதம் கழித்து மகளின் குரலைக் கேட்கிறாள். அதைவிட, அந்தக் குரல் எவ்வளவு சீக்கிரம் வந்தது என்பதையும் கேட்டாள். திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் தரையைப் பார்த்தேன்.

"அம்மாகிட்ட சொல்லிட்டேன்ம்மா" என்றேன்.

"என்னத்தை?"

"எல்லாத்தையும்."

அந்தப் பக்கம் பெட்டிகள் உருளும் சத்தம் கேட்டது. யாரோ எண்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் மேடம்?" என்றாள். குரல் சின்னதாகிவிட்டது. "இவ்வளவு நாள் தாங்கிட்டேனே. இப்போ போய் சொல்லிட்டீங்களே. அப்போ நான் இத்தனை நாள் வீட்டுக்கு வராம இருந்தது எதுக்கு மேடம்?"

கை முறிந்தபோது அழாத பெண் அழ ஆரம்பித்தாள். அவள் அம்மா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

மாடிப்படியில் உட்கார்ந்தேன். போன் உள்ளே இருந்தது, அதை விட்டுவிட்டுப் போகவும் முடியாது. மேல் மாடிக்காரர் ஒருவர் வாளியோடு இறங்கி வந்து, "யாரைப் பார்க்கணும்?" என்றார். "பார்த்தாச்சு" என்றேன். ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே போனார். காலையில் முதல்வர் கடிதத்தைப் படித்துவிட்டு என்ன செய்வார் என்று யோசித்துப் பார்த்தேன். என்னை அனுப்புவார். கூடத்தின் நடுவில் இருக்கும் வலையையும் கழற்றிவிடுவாரோ என்னவோ. சுண்டெலி எங்கே போவாள்? இதையெல்லாம் யோசித்தேனே தவிர, காது முழுக்கக் கதவின் மேலேயே இருந்தது. முதலில் வெறும் அழுகை. அப்புறம் அம்மாவின் குரல் தணிந்து, விடாமல், ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. இந்த ஒரு வருடத்தில் அந்த அம்மா மகளைப் பற்றியோ மகளிடமோ அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. நடுவில் ஒரு இடத்தில் அழுகையோடு சிரித்தாள். எனக்கு நெஞ்சு ஆறியது. ஆறின கையோடு வலிக்கவும் செய்தது.

முக்கால் மணி நேரம் இருக்கும். கதவு திறந்தது. போனை நீட்டினாள்.

"உங்ககிட்டப் பேசணுமாம்."

வாங்கிக் காதில் வைத்தேன். நெருப்பாகச் சுட்டது.

"மேடம்." மூக்கடைத்த குரல்.

"சொல்லும்மா."

"அம்மா சனிக்கிழமை இங்க வர்றாங்க."

"ரொம்ப சந்தோஷம்மா."

"முதல்வர்கிட்ட நீங்க சொல்லப் போறீங்களாமே?"

"ஆமா. காலையில."

"ம்." அப்புறம், "இனிமே ஞாயித்துக்கிழமை நீங்க போன் பண்ண வேண்டாம் மேடம்" என்றாள். "கோபம்லாம் இல்லை. அம்மா பண்ணுவாங்க."

"சரிம்மா" என்றேன்.

எப்போதும் அவள்தான் முதலில் வைப்பாள், அவசரக்காரி. அவள் வைக்கட்டும் என்று காத்திருந்தேன். பெட்டிகள் உருளும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான்தான் வைக்க வேண்டும் என்று அவள் காத்திருப்பது எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.